ஷோகேஸில் தூங்கும் பீங்கான் தட்டை வெளியே எடுங்கள்

தீபாவளிக்குப் பத்துப் பேர்தான் சாப்பிடுகிறார்கள் என்றால் பேப்பர் தட்டு எதற்கு? ரசம் ஊற்றியதுமே தொய்ந்துவிடும். பிளாஸ்டிக் பூச்சுள்ளதோ தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை. பீங்கானையே எடுங்கள். கழுவுகிற வேலைதானே பயம்? பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் வைத்து, சாப்பிட்ட கையோடு ஒவ்வொன்றாக உள்ளே விடச் சொல்லுங்கள். குழம்பு காயாது, சிங்க்கில் இடித்து விளிம்பும் உடையாது. மஞ்சள் கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, சற்று ஊறவிட்டுத் தேய்க்கலாம். கம்பி நார் மட்டும் கூடாது. தங்க விளிம்பு வைத்த தட்டை மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம், பொறி பறக்கும். குட்டிப் பிள்ளைகளுக்கு எவர்சில்வர். முப்பது பேர் வருகிறார்களா? சரி, வாழை இலை போடுங்கள். நின்று சாப்பிடுவதென்றால் பாக்குமட்டைத் தட்டு.