குங்கிலியமும் டர்பன்டைனும்: வீட்டில் டாமார் வார்னிஷ் செய்வது

எண்ணெய் வண்ண ஓவியத்தின் மேல் பூசுகிற டாமார் வார்னிஷுக்கு இரண்டே பொருள்கள் போதும்: டாமார் என்ற பிசின், அதைக் கரைக்க டர்பன்டைன். இரண்டுமே மரம் தருபவை. இவ்வளவு எளிய வேலையில் நான் இரண்டு முறை தோற்றேன். இரண்டு முறையும் கடைக்காரர் சொன்ன பெயரை நம்பியதுதான் என் தவறு.

முதலில் பிசின். மரத்தில் வடிந்து இறுகும் எதையும் நாம் பிசின் என்றுதான் சொல்கிறோம். ஆனால் ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் தண்ணீரில் ஊறிப் பெருக்கும்; கருவேலம் பிசின் கரைந்தே போகும். குங்கிலியமும் டாமாரும் அந்த ஜாதியல்ல. எத்தனை நாள் தண்ணீரில் போட்டாலும் கல்லாகவே கிடக்கும்.

டாமார் என்பது மலாய்ச் சொல். பிசின் என்றே பொருள். சுமத்ராவின் தென்மேற்குக் கரையில் க்ரூயி பகுதியில் இதற்கென்றே மரங்களை வளர்க்கிறார்கள். நல்ல ரகத்துக்கு அங்கே 'பூனைக்கண்' என்று பெயர். ஓவியப் பொருள் கடைகளில் வெளிர் மஞ்சள் கட்டிகளாகக் கிடைக்கும். விலையைப் பார்த்து மலைத்து, அதற்குப் பதிலாக நான் நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் வாங்கினேன். தாலியை விற்று அரிசி வாங்கிவரச் சொன்னால் அந்தக் காசுக்கும் குங்கிலியம் வாங்கிய திருக்கடவூர் நாயனார் நினைவுக்கு வந்தார். அவருக்காவது அசல் சரக்கு கிடைத்திருக்கும். எனக்குக் கொடுத்தது பைன் மரத்து ரோசின். அதில் செய்த வார்னிஷ் வெயில் நாளில் விரலில் ஒட்டியது. நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு சிட்டிகைப் பொடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் போட்டுக் குலுக்குங்கள். ரோசின் முழுவதும் கரைந்துவிடும். டாமார் பாதி கரைந்து வெள்ளை வண்டலை விடும். ரோசின் வாங்கிவிட்டால் எறிய வேண்டாம். மின்கம்பிகளை ஈயம் உருக்கிப் பற்றவைக்கும்போது தடவும் சாலிடரிங் ஃப்ளக்ஸாக அது அருமையாக வேலை செய்கிறது. என் மேஜையில் இப்போது அந்த டப்பாதான் இருக்கிறது.

இனி டர்பன்டைன். என் இரண்டாவது சாடியைக் கெடுத்தது இதுதான்.

அசல் டர்பன்டைன், பைன் மரத்தைக் கீறி எடுக்கும் பாலைக் காய்ச்சி வடிப்பதால் கிடைப்பது. ஆவியாகி வருவது டர்பன்டைன், அடியில் தங்குவது ரோசின். நம் நாட்டில் இமயமலைச் சரிவுகளில் உள்ள சீர் பைன் மரங்களிலிருந்து இதை எடுக்கிறார்கள். பெயின்ட் கடையில் டர்பன்டைன் என்று கேட்டாலோ, பெரும்பாலும் மினரல் டர்பன்டைனைத்தான் கொடுப்பார்கள். அது பெட்ரோலியம். கதவுக்குப் பெயின்ட் அடிக்க நல்லது. டாமாரைச் சரியாகக் கரைக்காது. மூன்று நாள் காத்திருந்த பிறகு என் சாடியில் மேலே மோர் போன்ற கலங்கல், அடியில் பாகு முற்றிய வெல்லம் போல ஒரு கட்டி. கரண்டியால் குத்தினேன், கரண்டிதான் வளைந்தது.

வாங்கும் முன் முகர்ந்து பாருங்கள். பைன் மர வாசனை வர வேண்டும். மண்ணெண்ணெய் வாடை வந்தால் வேண்டாம். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காய வையுங்கள். பிசுபிசுப்பு மிஞ்சினால் அது காற்றுப்பட்டுப் பழையதான சரக்கு; தோலுக்கும் ஆகாது.

செய்முறை இனி நான்கே படிகள்.

1. ஈரமில்லாத டாமார் 100 கிராமை ஒன்றிரண்டாக உடைத்து, பழைய வேட்டித் துணியில் தளர்வாக மூட்டை கட்டுங்கள்.

2. அகல வாய்க் கண்ணாடிச் சாடியில் 300 மில்லி டர்பன்டைன் ஊற்றுங்கள். பிளாஸ்டிக் பாத்திரம் கூடவே கூடாது.

3. மூட்டை மூழ்கும்படி, ஆனால் அடியைத் தொடாதபடி, நூலில் தொங்கவிட்டு மூடுங்கள். பிசின் கரைந்த திரவம் கனமாகிக் கீழே இறங்கும். புதிய டர்பன்டைன் மேலே கட்டியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அடியில் போட்டால் கட்டி தன் கரைசலுக்குள்ளேயே சிக்கி ஒட்டிக்கொள்ளும்.

4. இரண்டு மூன்று நாளில் துணியில் குப்பையும் பட்டைத் துணுக்கும் மட்டும் மிஞ்சும். மூட்டையைப் பிழியாமல் எடுத்துவிடுங்கள்.

சூடாக்கினால் சீக்கிரம் கரையுமே என்று தோன்றும். வேண்டாம். ஏறத்தாழ 35 டிகிரியிலேயே டர்பன்டைன் ஆவி தீப்பிடிக்கக்கூடியது. நம் ஊர் சித்திரை மதியம் அதைத் தாண்டிவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பை மறந்துவிடுங்கள். நனைந்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காய வையுங்கள்.

லேசான கலங்கல் இருந்தால் பயப்பட வேண்டாம். டாமாரில் இயல்பாகவே உள்ள மெழுகுதான் அது, காய்ந்ததும் தெளிந்துவிடும்.

பூசும்போது இரண்டு பங்கு வார்னிஷுக்கு ஒரு பங்கு டர்பன்டைன் சேர்த்துக்கொள்வேன். இரண்டு அங்குலத் தட்டைத் தூரிகை போதும். ஸ்பாஞ்சைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. குமிழிகளைச் சேகரிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஓவியம் காய்ந்து குறைந்தது ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மழை நாளில் பூசினால் வெள்ளைப் புகை படிந்தது போல ஆகிவிடும். பல ஆண்டுகளில் டாமார் மஞ்சளாகும் என்பதும் உண்மை. அந்தப் பளபளப்புக்காக நான் பொறுத்துக்கொள்கிறேன்.

பின்சேர்க்கை: அக்ரிலிக் ஓவியத்துக்குப் பூசலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். கூடாது. பிறகு வார்னிஷை நீக்க நேர்ந்தால், டர்பன்டைன் அடியில் உள்ள வண்ணத்தையும் பாதிக்கும்.

இன்னொரு வாசகருக்குச் சாடியின் மூடியே திறக்கவில்லையாம். விளிம்பில் வழிந்த வார்னிஷ் காய்ந்து பசையாகியிருக்கும். மூடியைச் சுற்றிச் சில துளி டர்பன்டைன் விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் திருகுங்கள். அடுத்த முறை மூடுவதற்கு முன் விளிம்பைத் துடைத்து, வெண்ணெய்த் தாள் ஒன்றை இடையில் வையுங்கள்.