ஐலா விஸ்கி: எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சென்ற பயணத்தில் என்னுடன் வந்த இளைஞர் ஒருவர், படகு கரையை விட்டு அகல்வதற்கு முன்பே குறிப்பேட்டைத் திறந்து மூன்று பத்திகள் போட்டுக்கொண்டார். முதல் பத்தியில் வடிசாலையின் பெயர், அடுத்ததில் வயது, மூன்றாவதில் புகையூட்டலைக் குறிக்கும் பிபிஎம் எண். மூன்றாம் பத்தியிலிருந்த பெரிய எண்களுக்கு மட்டும் அடிக்கோடு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலில் ஐலா தீவுக்குப் போனபோது என் கையிலிருந்த குறிப்பேடும் அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது என்பதால், அவரைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் கிடக்கும் ஐலாவில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 3,200 பேர். வடிசாலைகளோ பத்துக்குக் குறையாது. சிறு குழுக்களை அங்கே அழைத்துச் செல்வதும் சுவைப்பு அமர்வுகள் நடத்துவதும் என் வேலை. ஐஸ் போடலாமா, கோலா கலக்கலாமா, எந்தக் கோப்பை வாங்குவது என்பவற்றைப் பற்றி எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பணத்தையும் பயணத்தையும் வீணாக்கும் தவறுகளை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பெயர்

ஆங்கிலத்தில் Islay. எழுத்தில் ‘எஸ்’ இருக்கிறது, உச்சரிப்பில் இல்லை. ஐஸ்லே அல்ல, ஐலா.

பிபிஎம் எண்ணை விஸ்கியின் குணம் என்று எண்ணுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

ஐலாவின் சதுப்பு நிலங்களில் பாசியும் புதர்ச் செடிகளும் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கி, முழுக் கரியாக மாறாமல் கிடக்கும் மண்ணுக்குப் பீட் என்று பெயர். அதை வெட்டி உலர்த்தி எரித்து, முளைவித்த பார்லி ஈரமாக இருக்கும்போதே அதன் புகையில் காய வைக்கிறார்கள். புகையிலுள்ள பீனால்கள் என்ற வாசனைப் பொருள்கள் பார்லியின் உமியில் படிகின்றன. பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு பீனால் இருக்கிறது என்பதே பிபிஎம். புதியவர்கள் தவறவிடும் செய்தி என்னவென்றால், இந்த அளவு பொதுவாகக் காய்ந்த பார்லியில் எடுக்கப்படுவது. புட்டியிலுள்ள விஸ்கியில் எடுக்கப்படுவது அன்று. பார்லியை அரைத்து வெந்நீரில் ஊற வைக்கும்போது ஒரு பகுதி சக்கையோடு போகிறது. வடிக்கும்போது இன்னொரு பகுதி போகிறது. பீப்பாயில் ஆண்டுகள் செல்லச் செல்ல மேலும் குறைகிறது. குழம்புக்கு எத்தனை மிளகாய் கிள்ளிப் போட்டார்கள் என்று கேட்டு அதன் ருசியைச் சொல்ல முயல்வதைப் போன்றதுதான் பார்லியின் எண்ணைக் கொண்டு விஸ்கியை எடைபோடுவது.

இதை நான் கைக்காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். புருக்லாடி வடிசாலை ஆக்டோமோர் என்ற பெயரில் வெளியிடும் விஸ்கிகள் அவற்றின் எண்களுக்காகவே பேசப்படுபவை. அவற்றில் 8.3 என்ற வெளியீட்டின் பார்லி 309.1 பிபிஎம் என்று அறிவிக்கப்பட்டது. ஐலாவின் இன்னொரு வடிசாலையான ஆர்ட்பெக்கின் வழக்கமான எண் 55 அளவில் இருப்பதை நினைத்தால், கணக்குப்படி இது ஐந்தரை மடங்கு புகையவேண்டும். அந்தக் கணக்கை நம்பி, இரண்டு மூன்று நல்ல புட்டிகளின் விலையை ஓர் ஆக்டோமோருக்குக் கொடுத்து வாங்கி, நண்பர்களைக் கூட்டி வைத்து, சன்னலைத் திறந்து வையுங்கள் என்றுகூடச் சொல்லிவிட்டுத் திறந்தேன். வந்தது புகைதான், ஆனால் பார்லியின் இனிப்பும் பழ வாசமும் முன்னே நிற்க, புகை பின்னால் அடக்கமாக வந்தது. பக்கத்தில் ஊற்றியிருந்த, லஃப்ராய்க் வடிசாலையின் சாதாரண 10 ஆண்டு விஸ்கி, டிங்சர் அயோடின் நெடியோடு அறையையே பிடித்துக்கொண்டது. அதன் பார்லி 40 முதல் 45 பிபிஎம் வரைதான். ஆக்டோமோர் மோசமான விஸ்கி இல்லை. அதை வாங்குவதற்கு நான் வைத்திருந்த காரணம்தான் மோசமானது.

ஏன் இப்படி நேர்கிறது என்பதற்கு விடை வடிகலனில் இருக்கிறது. புருக்லாடியின் செம்பு வடிகலன்கள் உயரமானவை, ஒடுங்கிய கழுத்துடையவை. கனமான ஆவி மேலே ஏறித் தப்புவதற்குள் குளிர்ந்து திரும்ப உள்ளேயே விழுந்துவிடுகிறது. அதனால் எத்தனை புகையூட்டிய பார்லியைப் போட்டாலும் வெளிவரும் சாராயம் மென்மையாகவே இருக்கிறது. லஃப்ராய்க்கில் நடப்பது வேறு. இரண்டாம் வடிப்பில் முதலில் வருவதை முக்கால் மணி நேரம் ஒதுக்கிவிட்டுத்தான் பிடிக்கத் தொடங்குகிறார்கள். பழ வாசனை தரும் இலேசான பொருள்கள் பெரும்பாலும் அந்த முதல் பகுதியிலேயே போய்விடுகின்றன. பீனால்களோ வடிப்பின் பிற்பகுதியில் வருபவை. வடிப்பைத் தாமதமாக நிறுத்துவதால் அவை நிறையச் சேர்கின்றன. மருந்துக் கடை நெடி என்று பலர் முகம் சுளிக்கும் அந்த வாசம், வடிப்பவர் எந்த நிமிடத்தில் தொடங்கி எந்த நிமிடத்தில் நிறுத்துகிறார் என்பதைப் பொறுத்தது.

இதை நம்பாதவர்களுக்கு நான் ஒரே ஒரு சோதனை வைக்கிறேன். ஐலாவின் வேறு இரு வடிசாலைகளின் விஸ்கிகளான கூல் ஈலா 12, லாகவூலின் 16 இரண்டையும் அருகருகே ஊற்றித் தருவேன். இரண்டுக்கும் ஒரே நிறுவனம் உரிமையாளர். இரண்டுக்கும் பார்லி வருவது போர்ட் எலன் துறைமுகத்தில் 1973 முதல் இயங்கும் ஒரே முளைப்பு ஆலையிலிருந்து. பிபிஎம் அளவும் இரண்டுக்கும் ஏறக்குறைய 35தான். குறிப்பேட்டின் மூன்றாம் பத்தியை மட்டும் வைத்திருப்பவருக்கு இவை இரட்டைப் பிள்ளைகள். நாக்கில் வைத்தாலோ, கூல் ஈலா எலுமிச்சைத் தோலும் சாம்பலும் உப்புக் காற்றுமாக மெல்லியதாக ஓடுகிறது. லாகவூலின் கருந்தேநீரும் உலர்ந்த பழமுமாகத் திரண்டு உட்கார்ந்துகொள்கிறது. லாகவூலினின் நான்கு அதிகமான ஆண்டுகளும் பீப்பாய்களும் இதில் ஒரு பங்கு வகிக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் வேறுபாடு போவதில்லை. கூல் ஈலாவில் பெரிய வடிகலன்களில் குறைவாக நிரப்புகிறார்கள். ஆவிக்குச் செம்போடு உறவாட நிறைய இடம் கிடைக்கிறது; சாராயம் மெல்லியதாகிறது. லாகவூலினில் பேரிக்காய் வடிவ வடிகலனை ஏறத்தாழ நிறைத்து, கீழ்நோக்கிச் சரிந்த குழாய் வழியாக மிக மெதுவாக வடிக்கிறார்கள். அங்கே இரண்டாம் வடிப்பு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

குறிப்பேட்டு இளைஞருக்கும் இந்த இரண்டு கோப்பைகளைத் தந்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்துவிட்டு, ‘எதில் பிபிஎம் அதிகம், அண்ணா?’ என்றார். ஒன்றுதான் என்றேன். அவர் நம்பவில்லை, கைப்பேசியை எடுத்துத் தேடினார்.

ஆகவே வடிசாலைக்குப் போனால் பிபிஎம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். எப்போது பிடிக்கத் தொடங்குகிறீர்கள், எப்போது நிறுத்துகிறீர்கள், வடிகலனை எவ்வளவு நிரப்புகிறீர்கள் என்று கேளுங்கள். வழக்கமாக ஒப்பிக்கும் உரையை நிறுத்திவிட்டு வழிகாட்டி உங்களை நிமிர்ந்து பார்ப்பார். ஆர்ட்பெக்கில் இப்படிக் கேட்டால், வடிகலனின் குழாயில் பொருத்தப்பட்டு, கனமான திரவத்தைத் திரும்ப உள்ளே அனுப்பும் சிறு செம்புக் கருவியைக் காட்டுவார்கள். அத்தனை புகைக்கு நடுவே ஆர்ட்பெக்கில் ஓர் இனிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அது பாதி விடை.

ஐலா என்றாலே புகை என்று முடிவு கட்டுவது

தீவின் வடகிழக்கு மூலையில், ஒற்றையடிப் பாதை போன்ற சாலையின் முடிவில் 1881இல் தொடங்கிய புனஹாவன் வடிசாலை இருக்கிறது. அதன் 12 ஆண்டு விஸ்கியில் புகை கிட்டத்தட்டக் கிடையாது; ஷெர்ரி என்ற ஒயின் இருந்த பீப்பாயின் உலர்திராட்சையும் கொட்டைகளின் சுவையும் உப்பும்தான். அதே ஆண்டில் தொடங்கிய புருக்லாடி, தன் பெயரையே தாங்கும் விஸ்கியில் புகையூட்டாத பார்லியை மட்டும் பயன்படுத்துகிறது; புகை வேண்டுபவர்களுக்குப் போர்ட் சார்லட் என்ற வேறு பெயர். விஸ்கியில் புகை வாசத்தை விரும்பாத நண்பர் ஒருவரை, புகை மிகுந்த விஸ்கிகள் வடிக்கும் தெற்குக் கரைக்கு முதலில் அழைத்துப் போய், மூன்று நாளும் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்படி செய்தவன் நான். வடக்கிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

வயது கூடினால் புகையும் கூடும் என்பது

குறையும். லாகவூலினின் 8 ஆண்டு விஸ்கியை 16க்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள். இளையதில்தான் புகை கத்திபோல் நிற்கும்.

உப்புச் சுவைக்குக் கிடங்கைக் காரணம் காட்டுவது

கடலலை சுவரில் மோதும் பௌமோர் வடிசாலையின் பழைய முதலாம் எண் கிடங்கில் நின்றால், பீப்பாய்க்குள் கடல் புகுந்துவிட்டது என்று நம்பத்தான் தோன்றும். 1779 முதல் அந்த இடத்தில் விஸ்கி வடித்துவருவதாக அவர்கள் சொல்லும்போது நம்பிக்கை இன்னும் இறுகும். ஆனால் கூல் ஈலாவின் சாராயத்தில் பெரும்பகுதி தொட்டி லாரிகளில் ஏறிப் பெருநிலத்துக்குப் போய் அங்கேதான் முதிர்கிறது. அதிலும் உப்பும் கடற்பாசியும் தெரிவதாகவே குடிப்பவர்கள் சொல்கிறார்கள். கிடங்கின் காற்று ஒன்றுமே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கொடுக்கப்படும் பெருமை அதிகம் என்கிறேன்.

நிறம்

கேரமல் நிறமி சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. நிறத்தைப் பார்த்து வயது சொல்லாதீர்கள்.

மே மாதக் கடைசி

தீவின் விஸ்கி விழாக் காலம். படகிலும் அறையிலும் முன்கூட்டியே இடம் பிடிக்காதவர்கள் போக வேண்டாம்.

ஒரே நாளில் நான்கு வடிசாலைகள், அதுவும் காரில்

ஸ்காட்லாந்தில் ஓட்டுநரின் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் மதுவின் அளவு, 2014 டிசம்பர் முதல் இங்கிலாந்தில் உள்ளதைவிடக் குறைவு: 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். ஒரு கோப்பைதானே என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஓட்டுநரின் பங்கைச் சின்னஞ்சிறு புட்டியில் அடைத்துத் தருமாறு கேட்டால் வடிசாலைகளில் முகம் கோணாமல் தருவார்கள். அதைவிட நல்ல வழி, போர்ட் எலனிலிருந்து லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் மூன்றையும் வரிசையாக இணைக்கும் நடைபாதை. ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மைல். ஒரு வடிசாலையின் வாசம் மூக்கிலிருந்து இறங்கி அடுத்ததற்கு இடம் விடுவதற்கு அந்த நடை போதுமானது. குறிப்பேட்டு இளைஞரை அந்த வழியில்தான் கூட்டிப் போனேன். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் பத்தியின் மை நன்றாகக் கலைந்திருந்தது.