குட்டிப் பூனைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லையா?

முதலில் பசும்பாலை நிறுத்துங்கள். தர்மபுரிப் பக்கம் பால்சோறு வைத்துத்தான் குட்டியை வளர்ப்பார்கள். பாதிக் கோளாறு அங்கேயே. உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழியைப் பிசைந்து, இரண்டொரு நாளைக்குச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பால்குடி மறக்காத குட்டிக்குப் பூனைக்கான பால்பவுடர்தான்.

பிடரித் தோலைக் கிள்ளி விடுங்கள். மடிப்பு உடனே விழாவிட்டால், ஈறு பிசுபிசுத்தால், நீர் வற்றிவிட்டது. அதோடு வாந்தி, ரத்தம், சோர்வு இருந்தால் அன்றே மருத்துவமனை. பான்லுகோபீனியா என்ற வைரஸ் நோய் ஒரே நாளில்கூடக் குட்டியைக் கொன்றுவிடலாம்.

மற்றபடி, புது மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்து, அன்றே கால்நடை மருத்துவமனையில் நுண்ணோக்கிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி எல்லா மலத்திலும் வெளிவராது. ஒருமுறை இல்லை என்றால் நம்பாமல், நாள் விட்டு நாள் மூன்று மாதிரி கொடுக்க வேண்டும்.

உருண்டைப்புழுவுக்கு ஃபென்பெண்டசோல் என்ற புழுமருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 50 மி.கி., தினம் ஒருவேளை, 3 நாள். ஜியார்டியா என்றால் 5 நாள். 500 கிராம் குட்டிக்கு 25 மி.கி., அதாவது 10% திரவத்தில் 0.25 மி.லி. சமையல் தராசில் எடை போட்டு, ஊசியில்லா 1 மி.லி. சிரிஞ்சில் அளந்து, மருத்துவரிடம் காட்டிவிட்டே கொடுங்கள். காக்சிடியா என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணியை இந்தப் புழுமருந்து கொல்லாது, அதற்கு டோல்ட்ராசுரில் என்ற மருந்து. அதைக் கோழிப்பண்ணை மருந்துப் பாட்டிலிலிருந்து குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். மனிதர்கள் வயிற்றுப்போக்குக்குப் போடும் லோபிரமைடு வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்கு விஷம்.

மணல் தட்டைத் தினமும் வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவையுங்கள். இல்லாவிட்டால் பின்னங்காலில் ஒட்டியதை நக்கியே மறுபடி தொற்றிக்கொள்ளும்.