வால்வு சாக்கெட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று கெடுத்துவிடாதீர்கள்

வால்வு ஆம்ப்ளிஃபையரில் கரகரப்பு வருகிறது, வால்வை, அதாவது ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயை, லேசாகத் தட்டினால் சத்தம் போய்ப் போய் வருகிறது என்றால் உடனே எல்லோரும் ஸ்பிரேயைத்தான் தேடுகிறார்கள். ஆனால் பல நேரம் கோளாறு அழுக்கில் இல்லை, வால்வின் பின்னைச் சாக்கெட்டுக்குள் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருப்பதில்தான் இருக்கிறது. அதை ஸ்பிரே அடித்து இறுக்க முடியாது.

அதற்கு முன் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டோம், இனி ஷாக் அடிக்காது என்று நம்பிவிடாதீர்கள். பவர் சப்ளை கப்பாசிட்டரில் 400, 500 வோல்ட் தங்கியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க ஷார்ட் செய்வது வீரமெல்லாம் இல்லை. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக இன்சுலேட் செய்த கிளிப் வயரில் மாட்டிச் சில நொடிகள் வடியவிட்டு, ஒவ்வொரு கப்பாசிட்டரையும் மல்டிமீட்டரில் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள்.

துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே இங்கே வேண்டவே வேண்டாம், அதன் பிசுக்கு தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். கான்டாக்ட் கிளீனராக இருந்தாலும் சாக்கெட்டைக் குளிப்பாட்டாதீர்கள். பிரஷ்ஷில் கொஞ்சம் நனைத்தால் போதும், அப்புறம் நன்றாகக் காயவிட வேண்டும். பிரஷ்ஷின் அளவும் முக்கியம். 9 பின் சிறிய வால்வில் பின்னின் தடிமன் சுமார் 1 மில்லிமீட்டர், ஆக்டல் எனப்படும் 8 பின் பெரிய வால்வில் சுமார் 2.4. பல்லிடுக்கு பிரஷ் சரியாக வரும். அதைவிடத் தடிமனாக எதையாவது திணித்தால் கிளிப் விரிந்து, நீங்களே தளர்வை உண்டாக்கியதாகிவிடும். உப்புத்தாளும் கூடாது, மேல்பூச்சு போய்விடும்.

தளர்ந்த கிளிப்பை மெல்லிய ஊசியால் வெளிப்பக்கத்திலிருந்து மயிரிழை அளவு மட்டும் உள்ளே தள்ளுங்கள், அதிகம் தள்ளினால் பழைய உலோகம் பொட்டென்று ஒடிந்துவிடும். ரொம்ப இறுக்கினாலும் ஆபத்துதான்: சிறிய வால்வில் பின் நேராகக் கண்ணாடிக்குள் போகிறது, ஆட்டி ஆட்டிக் கழற்றும்போது விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் மேலே வெள்ளிபோல் இருக்கும் பூச்சு வெளுத்துவிடும், வால்வு அவ்வளவுதான். ஆக்டலில் கண்ணாடியைப் பிடித்து இழுக்காமல் அடிப்பாகத்தைப் பிடியுங்கள்.

தளர்வை அப்படியே விட்டுவைப்பதும் தவறுதான். ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப்பில், அதாவது தனியாக ஒரு நெகட்டிவ் வோல்டேஜ் கொடுத்து வால்வின் மின்னோட்டத்தை அடக்கி வைக்கும் ஆம்ப்பில், இஎல்34 என்ற ஆக்டல் வால்வின் 5-ஆம் பின், அதாவது அந்த வோல்டேஜை வாங்கும் கிரிட், சரியாகத் தொடாவிட்டால் நெகட்டிவ் வோல்டேஜ் போய்ச் சேராது, மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் போய், அதை வாங்கும் பிளேட் என்ற தகடு சிவக்கச் சிவக்கக் காய்ந்துவிடும். அதே வால்வில் 2-ஆம் பின் ஹீட்டர், பக்கத்திலேயே அதிக வோல்டேஜ் உள்ள 3-ஆம் பின் பிளேட். இரண்டுக்கும் நடுவே பொறி பாய்ந்து சாக்கெட்டின் பேக்கலைட் பிளாஸ்டிக் கருகியிருந்தால் சுரண்டிப் பார்க்காதீர்கள். கரி மின்சாரம் கடத்தும், மறுபடி அதே வழியில்தான் பாயும். சாக்கெட்டை மாற்றிவிடுங்கள். புதிதைச் சால்டர் செய்யும்போது செத்துப்போன வால்வு ஒன்றைச் செருகி வைத்தால் கிளிப்புகள் கோணாமல் இருக்கும்.