அறுவை சிகிச்சைக்குப் போகும் அமைதியற்ற கால்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மாவின் வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. அன்று இரவு 11 மணிக்குக் குமட்டுகிறது என்றார். வார்டு சிஸ்டர் வந்து டிரிப்ஸ் குழாயில் ஓர் ஊசி போட்டுவிட்டுப் போனார். அரை மணி நேரம் கூட ஆகவில்லை. அறுவை செய்யாத இடது கால் கட்டில் விளிம்பில் தேயத் தொடங்கியது. மடக்கினார், நீட்டினார், குதிகாலால் மெத்தையை உதைத்தார். “எறும்புப் புற்றைக் கலைத்துவிட்டது போல இருக்கிறது, என்னை எழுப்பி நடக்க விடு” என்று கெஞ்சினார். வலது காலில் தொடைவரை கட்டு. எப்படி நடக்க விடுவது?

வலிக்கிறதா என்று கேட்டபோதெல்லாம் இல்லை என்றுதான் சொன்னார். பதற்றம் என்று நினைத்து, தூங்குவதற்காக இன்னோர் ஊசி போட்டார்கள். அதன்பிறகு கால் மட்டுமல்ல, இடுப்பும் அடங்கவில்லை. அப்பா இடது காலை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை பிடித்துவிட்டார்.

அந்த ஓர் இரவில் மூன்று தவறுகள் நடந்திருந்தன. மூன்றும் தவிர்த்திருக்கக் கூடியவை. ஒவ்வொன்றிலும் எங்கள் பங்கும் இருந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இருப்பது ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம். நம் வீடுகளில் கால் குடைச்சல், கால் உளைச்சல் என்பார்கள். ஆனால் எல்லாக் குடைச்சலும் இதுவல்ல. இதற்கு நான்கு அடையாளங்கள் உண்டு. காலை அசைத்தே தீர வேண்டும் என்ற உந்துதல் இருக்கும். உட்கார்ந்தாலோ படுத்தாலோ அது கூடும். எழுந்து நடந்தால் தணியும். சாயங்காலத்துக்கு மேல், இரவில் மிகும். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இதை விவரித்திருக்கிறார். 1940களில் சுவீடனைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் இதைத் தனி நோயாக வகுத்து எழுதினார். மூளையில் இரும்புச்சத்து குறைவதும், டோபமைன் என்ற வேதிப்பொருளின் இயக்கம் தடுமாறுவதும் இதன் அடிப்படை என்று இன்று அறிகிறோம். கர்ப்பிணிகளிடமும், சிறுநீரகம் பழுதுபட்டு டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடமும் இது அதிகம்.

இரும்பு, டோபமைன், இரவு, அசையாமல் படுத்திருத்தல் ஆகிய நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஓர் அறுவை சிகிச்சையை நினைத்துப் பாருங்கள். ரத்தம் போகிறது. டோபமைனைத் தடுக்கும் மருந்துகள் ஏறுகின்றன. இரவெல்லாம் படுக்கையில் கிடக்க வேண்டியிருக்கிறது.

சொல்லாமல் விடுவது

ஆபரேஷனுக்கு ஃபிட்னஸ் வாங்கப் போனபோது சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, பல் செட்டு என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். கால் குடைச்சலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. முழங்காலுக்கு வந்த இடத்தில் இதையும் சொல்ல வேண்டுமா என்று அம்மாவுக்குக் கூச்சம்.

சொல்ல வேண்டும். அதுவும் ‘கால் வலி’, ‘நரம்புத் தளர்ச்சி’ என்றெல்லாம் சுற்றி வளைக்காமல், நோயின் பெயரைச் சொல்லியே சொல்ல வேண்டும். சர்ஜனிடம் சொன்னால் மட்டும் போதாது. மயக்க மருந்து நிபுணரிடம் சொல்ல வேண்டும். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லவும் வேண்டும். ஏனென்றால் ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியைச் சுற்றி நிபுணர்கள் நிற்கிறார்கள். சிக்கல் வருவது நள்ளிரவு வார்டில், உங்களை முதல்முறையாகப் பார்க்கும் ஒருவரின் கையில். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தாளில் இருப்பதுதான்.

வெறும் வயிறு என்று மாத்திரையை நிறுத்துவது

அம்மா இந்த நோய்க்காகத் தினமும் இரவு 8 மணிக்கு, டோபமைனைப் போல வேலை செய்யும் பிரமிபெக்ஸோல் மாத்திரை சாப்பிடுபவர். முந்தைய இரவே, ஆபரேஷன் என்பதால் எதுவும் வேண்டாம் என்று நாங்களாகவே நிறுத்திவிட்டோம். ஆபரேஷன் நாளிலும் எந்த மாத்திரையை எப்போது மீண்டும் தொடங்குவது என்று கேட்கவில்லை. ஆக, இரண்டு வேளை போயிற்று. இந்த வகை மருந்தைச் சட்டென்று நிறுத்தினால், அடங்கிக் கிடந்த உந்துதல் பழையதைவிடப் பலமாகத் திரும்பி வரக்கூடும்.

வெறும் வயிறு என்பது சோறு, பால், காபிக்கானது. அவசியமான மாத்திரைகளை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். எதை விழுங்கலாம், எதை விடலாம் என்பதை மயக்க மருந்து நிபுணர்தான் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்துவது எவ்வளவு தவறோ, பயந்துபோய் நாமாக ஒன்றுக்கு இரண்டாக விழுங்குவதும் அவ்வளவு தவறு.

இதே நோய்க்குத் தரப்படும் கபாபென்டின், பிரிகாபலின் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் கொடுக்கும் மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலி மருந்துகளோடு இவை சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அதே மார்ஃபின் வகை மருந்துகள் கால் உந்துதலையும் அடக்கும் என்பது இதன் மறுபக்கம். குடல் அறுவை போல, நாள்கணக்கில் வாய்வழியாக எதுவும் கொடுக்க முடியாத நிலையில் மருத்துவர்களுக்கு இது ஒரு வழி. ஆனால் அந்தத் திட்டம் முன்கூட்டியே போடப்பட்டிருக்க வேண்டும்.

வழக்கமான ஊசிகள்

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அம்மாவுக்குக் குமட்டலுக்குப் போட்ட முதல் ஊசி மெட்டோகுளோபிரமைட்; பெரினார்ம் என்ற பெயரில் நம் மருத்துவமனைகளில் பரவலாகக் கிடைப்பது. தூங்குவதற்குப் போட்ட இரண்டாவது ஊசி புரோமெத்தசின், அதாவது ஃபெனெர்கன். இரண்டும் நல்ல மருந்துகள்தான். ஆனால் இரண்டும் மூளைக்குள் நுழைந்து டோபமைனின் வேலையைத் தடுப்பவை. ஏற்கெனவே டோபமைன் தடுமாறும் ஒருவருக்கு, அதுவும் மாத்திரை நின்றுபோன இரவில் அவற்றைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நாங்கள் விடியவிடியப் பார்த்தோம்.

குமட்டல், வாந்தி, தலைச்சுற்றலுக்குத் தரப்படும் புரோகுளோர்பெரசின், டிரோபெரிடால் ஆகியவையும் இதே வரிசை. இவற்றுக்குப் பதிலாக ஒண்டான்செட்ரான், கிரானிசெட்ரான் இருக்கின்றன. எமெசெட் என்று சீட்டில் எழுதுவார்களே, அது ஒண்டான்செட்ரான்தான். அறுவையின்போதே டெக்ஸாமெத்தசோன் கொடுத்துக் குமட்டல் வராமல் தடுப்பதும் உண்டு. இவை கால்களைக் கிளறுவதில்லை. ஒண்டான்செட்ரான் பெரும்பாலான மருத்துவமனைகளில் இருக்கும். கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் கைக்கு வந்தது ஏறும்.

அடுத்தது தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்துகள். ஃபெனிரமைன் என்றால் பலருக்குத் தெரியாது. அவில் என்றால் எல்லாருக்கும் தெரியும். ரத்தம் ஏற்றும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் அவில் போடுவது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது. இரும்புச்சத்து டிரிப்ஸ் ஏற்றும்போதும் போடுவார்கள். கால்களை அமைதிப்படுத்தவென்றே இரும்பு ஏற்றிக்கொள்ள வந்தவருக்கு, அன்றிரவு கால்கள் துடிக்கக் காரணமான மருந்தையும் சேர்த்துப் போடுவது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். டைஃபென்ஹைட்ரமைன், குளோர்ஃபெனிரமைன் ஆகியவையும் அப்படித்தான். அரிப்புக்கு மருந்து தேவைப்பட்டால், மூளைக்குள் அதிகம் நுழையாத ஃபெக்ஸோஃபெனடின் தரலாமா என்று கேளுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்துகள் ‘அலர்ஜி’ என்று பொய்யாக எழுதச் சொல்லாதீர்கள். அலர்ஜி வேறு, இது வேறு. நோயைக் கூட்டும் என்பதால் தவிர்க்கவும் என்று எழுதினால் போதும். உயிருக்கு ஆபத்தான நிலையில் மருத்துவர் இவற்றில் ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தால் குறுக்கே நிற்கக் கூடாது.

இரவில் புரண்டு உதைக்கும் வயதானவரைப் பார்த்தால் மனக்குழப்பம் என்று தோன்றுவது இயல்பு. அதற்கென்று ஹாலோபெரிடால் போடப்பட்டால் கால்களின் நிலை மேலும் மோசமாகும். சில இடங்களில் கைகால்களைக் கட்டியும் வைக்கிறார்கள். அசைந்தால்தான் தணியும் நோய்க்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. கூட இருப்பவர் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இவர் தெளிவாகப் பேசுகிறார், இன்ன இடத்தில் இருக்கிறோம் என்று தெரிகிறது, கால் மட்டும்தான் அடங்கவில்லை, இந்த நோய் இவருக்குப் பல வருடங்களாக உண்டு.

அரைமயக்கத்தில் அசையாமல் இருக்க முடியும் என்று நம்புவது

முழு மயக்கத்தில் கால் பிரச்சினை தருவதில்லை. கண்புரை அறுவை, கொலனோஸ்கோபி, எம்ஆர்ஐ ஸ்கேன் போன்றவற்றில்தான் கவனம் தேவை. கண்ணில் மருத்துவரின் கருவி இருக்கும்போது கால் துள்ளினால் தலையும் அசையும். சமாளித்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுக்காதீர்கள், முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தவரை காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். இந்த நோய் காலையில் தணிந்திருக்கும் என்பதால், காலை 8 மணிக்கு எளிதாக முடிவது மாலை 6 மணிக்குப் போராட்டமாகிவிடும்.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் முறைக்குப் பின், இந்த நோயே இல்லாத சிலருக்கும் சில நாள்கள் கால் உந்துதல் வருவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் தானாகவே போய்விடும். சிசேரியன் ஆன பெண் இப்படிச் சொன்னால் மனப்பிரமை என்று தள்ளிவிடாதீர்கள்.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று நிறைவடைவது

அம்மாவின் ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருந்தது. அதோடு விட்டுவிட்டோம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. பரிசோதனைக்கூடத்தின் தாளில் 20 என்றாலும் இயல்பு என்று அச்சிட்டிருக்கலாம். ஆனால் இந்த நோய் உள்ளவர்களுக்கு 75 அல்லது அதற்குக் கீழ் இருந்தாலே இரும்பு கொடுப்பதைப் பற்றி மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். இந்தச் சோதனையை ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பே செய்ய வேண்டும். அறுவைக்குப் பின் உடலில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். குறை வெளியே தெரியாது. இரும்பு அளவுக்கு மீறினால் கேடு. ஆகவே சோதனை பார்க்காமல் டானிக் வாங்கிக் குடிக்க வேண்டாம்.

தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பது

காலைப் பிடித்துவிடுவது, வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபிஸ்ட் அனுமதித்த உடனே எழுந்து நடப்பது எல்லாம் உதவும். ஆனால் அறுவைக்குப் பின் ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் கை வைக்கவே கூடாது. ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். தேய்த்தால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்த வருடம் இடது முழங்காலுக்குப் போனோம். இந்த முறை ஒரு மாதம் முன்பே ஃபெரிட்டின் பார்த்தோம், 31 இருந்தது. டிரிப்ஸ் வழியாக இரும்பு ஏற்றினார்கள், அவில் இல்லாமல். காலை முதல் ஆபரேஷனாக நேரம் வாங்கினோம். கொடுக்கக் கூடாத மருந்துகள், கொடுக்கக்கூடியவை, மாத்திரை நேரம் ஆகியவற்றை நரம்பியல் மருத்துவரே அரைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அதில் ஒரு பிரதி கேஸ் ஷீட்டில், ஒன்று கட்டில் தலைமாட்டில், ஒன்று என் பையில். இரவு 8 மணிக்கு ஒரு மிடறு தண்ணீரோடு மாத்திரை. 10 மணிக்கு மறுபடி குமட்டல். சிஸ்டர் தலைமாட்டுத் தாளைப் படித்துவிட்டு ஒண்டான்செட்ரான் எடுத்துவரப் போனார். அம்மா வலியில் இரண்டு முறை விழித்தார். கால் ஒருமுறைகூட உதைக்கவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மருந்துச் சீட்டை அங்கேயே நின்று வாசித்தேன். ஐந்தாவது வரியில், தலைச்சுற்றல் வந்தால் போட்டுக்கொள்ள ஸ்டெமெடில் என்று இருந்தது. அது புரோகுளோர்பெரசின். பணியிலிருந்த மருத்துவரிடம் காட்டினேன். தாளைப் பார்த்தவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் சிறிதாகக் கையெழுத்திட்டார்.