பயொப்சி அறிக்கையில் சீ.பீ.எஸ். எண்ணை வாசிக்கும் முறை

வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தால் வந்த வாய்ப்புற்றுநோய்க்கான பயொப்சி அறிக்கையை முல்லைத்தீவிலிருந்தோ மாங்குளத்திலிருந்தோ தெல்லிப்பழை அல்லது மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லும் குடும்பத்தினர், அதில் ‘பீ.டீ.-எல்1, சீ.பீ.எஸ்.’ என்ற வரியில் பெரிய எண்ணைக் கண்டால் நோய் முற்றிவிட்டதென்று அஞ்சுகிறார்கள். பீ.டீ.-எல்1 என்பது கலங்களின் மேற்பரப்பில் தோன்றி நிர்ப்பீடனத் தாக்குதலை அடக்கும் ஒரு புரதம்; சீ.பீ.எஸ். அது எவ்வளவு காணப்படுகிறது என்பதைக் காட்டும் கூட்டுப் புள்ளி. அந்த எண் நோயின் பரவலையோ கட்டியின் பருமனையோ குறிப்பதில்லை. அவற்றை அறிய, ஸ்கான் போன்ற பரிசோதனைகளையும் கொண்டு வைத்தியர் கணிக்கும் நோயின் நிலையைப் பார்க்க வேண்டும்.

முதலில், எந்தக் கலங்கள் எண்ணப்பட்டன என்று பாருங்கள். ரீ.பீ.எஸ். என்ற இன்னொரு புள்ளி என்றால், சாயமேறிய புற்றுக்கலங்கள் மட்டுமே எண்ணப்படும். சீ.பீ.எஸ். என்றால் பீ.டீ.-எல்1 சாயம் ஏறிய புற்றுக்கலங்களுடன், கட்டிக்குள்ளும் அதை ஒட்டியும் உள்ள நிணநீர்க்கலங்களும் மக்ரோபேஜ் எனப்படும் பெருந்தின்கலங்களும் சேரும். அந்தக் கூட்டுத்தொகையை உயிருள்ள புற்றுக்கலங்களின் மொத்தத் தொகையால் வகுத்து 100 ஆல் பெருக்குவார்கள். 200 புற்றுக்கலங்களில் 30 சாயமேறியிருந்து, அவற்றோடு சாயமேறிய நிர்ப்பீடனக் கலங்கள் 20 இருந்தால் சீ.பீ.எஸ். 25, ரீ.பீ.எஸ். 15 வீதம். ஒரே கட்டிக்கு இரண்டு எண்கள் வருவதால், அயலவரின் அறிக்கையோடு ஒப்பிடுவதில் பயனில்லை. மாதிரியில் குறைந்தது 100 உயிருள்ள புற்றுக்கலங்களாவது இல்லாவிட்டால் இந்தக் கணக்கே செல்லாது.

பெருந்தின்கலத்தை ஏன் சேர்க்கிறார்கள் என்பதே இங்கு முக்கியமானது. பிறழ்ந்த கலத்தை விழுங்குவது அதன் தொழில். ஆனால் கட்டிக்குள் புகுந்தபின் அது பெரும்பாலும் மனம் மாறிவிடுகிறது. அதன் மேற்பரப்பிலுள்ள பீ.டீ.-எல்1, புற்றைத் தாக்கும் நிர்ப்பீடனக் கலமான ரி கலத்திலுள்ள பீ.டீ.-1 என்ற புரதத்துடன் இணைந்து ரி கலத்தின் தாக்குதலை அடக்குகிறது. பெருந்தின்கலத்திலேயே பீ.டீ.-1 தோன்றினால் விழுங்கும் திறன் குறைகிறது என்பது 2017 இல் வெளிவந்த ஆய்வில் காட்டப்பட்டது. வேறொரு தடையும் உண்டு: புற்றுக்கலம் சீ.டீ.47 என்ற புரதத்தைக் காட்ட, பெருந்தின்கலத்தின் சேர்ப்-அல்பா என்ற ஏற்பி அதை உணர்ந்து விழுங்காமல் விட்டுவிடுகிறது. வன்னிக்குப் போகும் வழியில் இருந்த ஓமந்தைச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்றவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. இங்கே அட்டையை நீட்டுவது எதிரி. சீ.டீ.47 ஐத் தடுக்கும் மக்ரோலிமாப் மருந்தின் பெரிய இரத்தப் புற்றுநோய்ப் பரிசோதனைகள் பலனின்றி நிறுத்தப்பட்டன என்பதால், இணையத்தில் அதைப் பற்றிய பழைய நம்பிக்கைச் செய்திகளை அப்படியே ஏற்க வேண்டாம்.

அடுத்து, ‘ஆயுள் எவ்வளவு?’ என்ற கேள்வியை இந்த எண்ணிடம் கேட்காதீர்கள். பல கட்டிகளில் சீ.டீ.163 என்ற புரதத்தைக் கொண்ட பெருந்தின்கலங்கள் செறிந்திருப்பது பாதகமான போக்கோடு தொடர்புபட்டாலும், பெருங்குடற் புற்றுநோயில் அதற்கு மாறான முடிவுகளும் உள்ளன. பெருந்தின்கலத்தின் பீ.டீ.-எல்1, நிர்ப்பீடனச் சிகிச்சை பெற்ற நுரையீரற் புற்றுநோயாளரில் நீண்ட ஆயுளோடு தொடர்புபட்டிருந்தது. ரி கலங்கள் போராடி இன்ரபெரோன்-காமா என்ற புரதத்தைச் சுரப்பதாலும் பீ.டீ.-எல்1 கூடும் என்பதால் இதில் வியப்பில்லை.

ஆகவே, இந்த எண்ணின் பயன் மருந்துத் தெரிவில்தான். மீண்டும் வந்த அல்லது பரவிய தலை, கழுத்துச் செதிற்கலப் புற்றுநோயில் பீ.டீ.-1 ஐத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைத் தனியாகக் கொடுக்க அமெரிக்காவில் 2019 இல் ஏற்கப்பட்ட குறைந்தபட்ச எல்லை சீ.பீ.எஸ். 1. ஹோர்மோன் ஏற்பிகளும் ஹெர்2 மிகையும் இல்லாத மும்மறை மார்பகப் புற்றுநோயின் பரவிய நிலையில், அதைக் கீமோ சிகிச்சையுடன் சேர்த்துக் கொடுக்க எல்லை 10.

கிளினிக்கில் வைத்திய நிபுணரிடம் மூன்றைக் கேளுங்கள்: எந்தப் பிறபொருளெதிரியால் சாயமிட்டார்கள், மாதிரி எப்போது எடுக்கப்பட்டது, இந்த எண் இவருக்கான சிகிச்சையை மாற்றுமா. மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் அந்த வரியைப் பற்றி மேலும் கவலைப்பட வேண்டியதில்லை. வேறு வைத்தியசாலைக்கு மாறும்போது அறிக்கையோடு, மாதிரியைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டிக் கண்ணாடியில் ஒட்டிய திசுத் துண்டுகளில் சாயம் ஏறும் தன்மை நாட்பட மங்குவதால், மறுசோதனைக்குப் புதிய துண்டை அந்த மெழுகுக் கட்டியிலிருந்தே வெட்டுவார்கள்.