செய்தி விட்ஜெட் வைக்கப் போகிறீர்களா? வடிகட்டியில் தமிழைக் கவனியுங்கள்

கோயில், தமிழ்ப்பள்ளி, மன்றம் எதுவாக இருந்தாலும், ஆசையாகத் தொடங்கிய இணையத்தளம் பல நேரம் இரண்டு வருடத்துக்கு முந்தைய தைப்பூசப் படத்தோடு அப்படியே நின்றுபோகிறது. பக்கவாட்டில் ஒரு செய்தி விட்ஜெட் (வேறு இடத்துச் செய்தியை நம் பக்கத்தில் காட்டும் சிறு பெட்டி) இருந்தால் புதுச் செய்தி தானாக வந்துகொண்டே இருக்கும். பினாங்கில் எங்கள் மன்றத் தளத்துக்கு வைத்தபோது நான் பட்டதிலிருந்து சொல்கிறேன்.

முகநூல் பக்கத்தைக் காட்டினால் போதும் என்றால் அதன் பேஜ் பிளகின் இருக்கிறது, இலவசம். பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் நம் தளத்தில் ஒட்டவேண்டிய நிரல் துண்டு கிடைக்கும். அகலம் 180 முதல் 500 பிக்சல் வரை. பக்கம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், வயது அல்லது நாட்டுக் கட்டுப்பாடு போட்டிருந்தால் வராது. ஆனால் உள்ளே இருக்கும் எழுத்துருவை நம்மால் மாற்ற முடியாது. எனக்கு அதனால்தான் ஆர்எஸ்எஸ் (ஒரு தளம் தன் புதுத் தலைப்புகளைப் பிற தளங்கள் எடுத்துக்கொள்ளத் தரும் ஓடை) பிடிக்கும். தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் ஆர்எஸ்எஸ் பிளாக் கூடவே வருகிறது, எத்தனை செய்தி, தேதி வேண்டுமா, சுருக்கம் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒன்று, அது எடுத்த செய்தியை வழக்கமாக 12 மணி நேரம் சேமித்து வைத்துக்கொள்ளும். பினாங்கின் தண்ணீர்மலைப் பக்கம் சாலை மூடும் செய்தி காலையில் வந்து, தளத்தில் இரவு தெரிந்தால் யாருக்கு என்ன பயன்? அந்த நேரத்தைக் குறைக்கச் 'ஃபில்டர்' என்ற சிறு நிரல் ஒன்று எழுத வேண்டும், தெரிந்தவரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள்.

சரி, இப்போது முக்கியமான இடம். உள்ளூர்ச் செய்தி மட்டும் வரட்டும் என்று வடிகட்டும் பிளகின் (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) ஒன்றைப் போட்டு, 'பினாங்கு' என்று கொடுத்தேன். பாதிச் செய்தி வரவே இல்லை. தலைப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரிந்தது: அவற்றில் இருந்தது 'பினாங்கில்'. கணினிக்குக் 'கு' என்பது 'க' என்ற எழுத்தும் உகரக் குறியும் சேர்ந்தது, 'கி' வந்ததும் அந்தக் குறி மாறிப்போகிறது. கடைசிக் குறியை எடுத்துவிட்டு 'பினாங்க' என்று கொடுங்கள், முழுச்சொல் பொருத்தம் என்ற தேர்வையும் அணைத்துவிடுங்கள், இரண்டும் வரும். அதேபோல 'தைப்பூசம்' வேண்டாம், 'தைப்பூச' போதும். 'கோலாலம்பூர்' என்பதற்குக் 'கோலாலம்பூர' என்று புள்ளி இல்லாமல். 'தமிழ்ப்பள்ளி'யைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுகிறார்கள், இரண்டையும் போட்டுவிடுங்கள்.

தலைப்பை வெட்டும் அளவிலும் இதே கதைதான். 'பினாங்கு' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டு. எழுத்துக் கணக்கில் வெட்டச் சொன்னால் குறி போய் 'கு' வெறும் 'க' ஆகி நிற்கும், பார்க்கவே மனசு கேட்காது. சொல் கணக்கில் வெட்டுங்கள், இல்லையென்றால் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் இரண்டு வரிக்கு மேல் மறைக்கச் சொல்லுங்கள்.

தோற்றத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, வரி உயரம் 1.6 அளவுக்கு, எழுத்து இடைவெளியைத் தொடாதீர்கள். ஐந்து தலைப்பு போதும், முழுச் செய்தியையும் இழுத்துப் போடாமல் சுட்டி கொடுத்து எழுதியவர் தளத்துக்கே அனுப்புங்கள். அது அவர்கள் உழைப்பு. அப்புறம் சுட்டியைப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் போட்டு, பழைய கைப்பேசி வைத்திருக்கும் ஒரு அத்தையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குத் தலைப்பு ஒழுங்காகத் தெரிந்தால் விட்ஜெட் தயார்.